மறு: பிக்கப் வண்டிக்குக் குளிர்கால டயர் – ‘கீற்று’ சரியா?

வணக்கம்.

கனடாவில் இருக்கும் நம்மவர்களுக்காக, குளிர்கால டயர் பற்றிய ஆங்கில அறிவுரைத் தாளைத் தமிழாக்கி ஸ்கார்பரோ அக்கா அனுப்பிய வரைவையும் அதற்கு ஐயா எழுதிய பதிலையும் நேற்றிரவு சேர்த்துப் படித்தேன். பின்னால் திறந்த பெட்டியுள்ள பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்களுக்கான இரண்டு பக்கங்களில்தான் சொற்கள் தடுக்குகின்றன என்கிறார் அக்கா. அந்த இரண்டு பக்கங்களை ஆங்கிலத்தில் எழுதியவர் என் மச்சானை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இங்க எல்லாரும் வின்ரர் ரயர் எண்டுதான் சொல்லுறவை. நான் ‘பனி டயர்’ எண்டு போட்டிருக்கிறன். சரியோ?

சரியில்லை அக்கா. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பதும் நமக்குப் பனிதான், இங்கே முழங்கால் அளவு கொட்டிக் கிடப்பதும் பனிதான் என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த டயர் பனிக்கு மட்டுமானது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நான் இருக்கும் கால்கரியில் ஜனவரியில் பாதி நாள் சாலை கறுப்பாகக் காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் மைனஸ் 20-இல் இருக்கும். அந்தக் காய்ந்த சாலையிலும் கோடை டயர் பிடிக்காது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கிவிடுகிறது என்பது இங்கே டயர் கடைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. ‘பனி விழட்டும், அப்புறம் மாற்றலாம்’ என்று உட்கார்ந்திருப்பவரை ‘பனி டயர்’ என்ற சொல் இன்னும் இரண்டு வாரம் உட்கார வைக்கும். ‘குளிர்கால டயர்’ என்றே போடுங்கள்.

> கூதிர் என்பது நம் பழம்பெரும் பருவப்பெயர். ‘கூதிர் உருளிப்பட்டை’ என ஆளலாமே.

ஐயா, கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று பருவங்களை அடுக்கிப் பார்த்தவர்கள் நாம், எனக்கும் ஆசைதான். எங்கள் நெல்லைப் பக்கம் ‘கூதல் அடிக்குது’ என்று இன்றும் சொல்கிறோம். ஆனால் கடையில் வாய்விட்டுச் சொல்லும்போது ஓர் எழுத்து நழுவினால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் இருக்கும் குழு, இதற்கு மேல் விளக்கவில்லை. அப்புறம், உருளிப்பட்டை. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை அடித்த ஊர் நம்முடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஊரில் ரப்பர்ச் சக்கரம் போட்ட மாட்டுவண்டிக்கே ‘டயர் வண்டி’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. தேய்ந்து போனது ‘மொட்டை டயர்’. சிறு வயதில் குச்சியால் தட்டிக்கொண்டே தெருவெல்லாம் ஓட்டியது டயர். இவ்வளவு ஆனபிறகு டயரை வெளியே அனுப்புவது நியாயமில்லை.

இந்தத் தாளுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். படிப்பவர் கடை மேசை முன்னால் நின்று உச்சரிக்க வேண்டிய சொல்லா, வீட்டில் உட்கார்ந்து புரிந்துகொள்ள வேண்டிய சொல்லா? முதலாவதை விட்டுவிடுங்கள், அந்த ஊர் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இரண்டாவதற்குத்தான் சொல் வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் ‘அனைத்துப் பருவ டயர்’ என்று நீங்கள் எழுதியிருப்பதை எடுத்துவிட வேண்டும். அது ஆங்கிலத்தில் சொன்ன பொய், அதை நாம் அழகாகத் தமிழில் மறுபடியும் சொல்கிறோம். கனடாவின் குளிர்காலம் அந்தப் ‘பருவங்களில்’ சேர்த்தி இல்லை. இங்குள்ள டயர்காரர்களே கிண்டலாக அதை மூன்று பருவ டயர் என்பார்கள். பெயர் ‘ஆல்-சீசன்’ என்றே இருக்கட்டும். கடைக்காரர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார், கேட்டதும் நம்மவர் உஷாராக வேண்டும். பக்கத்திலேயே ‘ஆல்-வெதர்’ என்று வேறொரு வகை இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, சரக்கு வேறு: அதில் மலைச் சின்னம் உண்டு (பனிச் சோதனையில் தேறிய அடையாளம், கீழே சொல்கிறேன்). இரண்டையும் தமிழாக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எந்தத் தரையிலும் ஓடும் என்ற பொருளில் ‘ஆல்-டெரெய்ன்’ என்று மூன்றாவதும் ஒன்று பிக்கப்காரர்கள் வாயில் இருக்கிறது. மூன்றையும் அப்படியே விடுங்கள்.

சரி, இனி மச்சான்.

அவனுடையது ஃபோர்டின் எஃப்-150 பிக்கப். வாங்கி ஆறு மாதத்தில் வண்டியின் உடலைச் சக்கரத்துக்கு மேல் நான்கு அங்குலம் தூக்கிவிட்டான். அடியில் 35 அங்குல உயரம், பன்னிரண்டரை அங்குல அகலமுள்ள சேற்று டயர். பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருந்தது. சேறும் பனியும் என்று அதற்கு அர்த்தம், அதைக் காட்டி ‘குளிருக்கும் இதே போதும்’ என்று போட்டுக் கொடுத்தார்கள். அந்த எழுத்துக்குப் பின்னால் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் கிடையாது. வெட்டுகளும் இடைவெளியும் இன்ன மாதிரி இருந்தால் அப்படிப் பொறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து வெறும் எம் பிளஸ் எஸ்ஸைக் குளிர்கால டயராகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

கால்கரிக்கு ‘சினூக்’ என்று ஒரு காற்று வரும். மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்று, காலையில் மைனஸ் 20 என்றால் மத்தியானம் பிளஸ் 6. எல்லாம் உருகும், பொழுது சாய்ந்ததும் உருகியதெல்லாம் கண்ணாடியாக உறையும். அப்படி ஒரு மாலையில் டீர்ஃபுட் டிரெயில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி சிக்னலுக்கு வந்தோம். முன்னால் சிவப்பு. அவன் பிரேக்கை மிதித்தான். பிரேக் மடமடவென்று துடித்தது, வண்டி கேட்கவில்லை. அவசரமே இல்லாமல், ஊர்வலம் மாதிரி, கோட்டைத் தாண்டிச் சந்திப்பின் நடுவே போய், எதிர்ப்புறம் குவித்து வைத்திருந்த பனிமேட்டில் மூக்கை நட்டு நின்றது. குறுக்கே யாரும் வரவில்லை, பிழைத்தோம். “நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அத்தான் இது” என்றான். இழுப்பதற்கு நாலு சக்கரம் சரிதான். நிறுத்துவதற்கு, அந்தப் பக்கம் நின்ற சின்ன ஹோண்டாவுக்கும் அதே நாலு சக்கரம்தானே?

மறுநாள் மைனஸ் 18-இல் அந்த டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தேக்குக் கட்டை. பக்கத்தில் என் வண்டியின் குளிர்கால டயர், அதே குளிரில், நகம் இறங்கியது. இதைச் சொல்ல நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பதம். பாகு பதம், மாவு பதம் என்கிறோமே, அதே பதம். வரைவில் ‘குறைந்த வெப்பநிலையில் நெகிழ்வுத்தன்மையைத் தக்கவைக்கும் ரப்பர் கலவை’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘குளிரிலும் பதம் மாறாத ரப்பர்’ என்று போட்டால் என் அம்மாவுக்கும் புரியும்.

இனிதான் உண்மையான கேள்வி. டயரின் கட்டங்களில், நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்லும் ‘பட்ட’னில், மெல்லிய பிளேடால் கிழித்தது மாதிரி நெருக்கமாக வெட்டுகள் இருக்கும். குளிர்கால டயரின் பட்டனைக் கட்டைவிரலால் ஒருபக்கமாகத் தள்ளினால் அவை சீப்பின் பல் போல் விரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விளிம்பு, அந்த விளிம்புதான் பனிக்கட்டியைப் பற்றுகிறது. மச்சானின் சேற்று டயரில் பட்டன்கள் கருங்கல் ஜல்லி மாதிரி பெரிது பெரிதாக, தள்ளித் தள்ளி நின்றன. சேறு ஒட்டாமல் வெளியே எறிவதற்கு அந்த இடைவெளி வேண்டும். ஆனால் ஒன்றில்கூட இந்த மெல்லிய வெட்டு இல்லை. உயரமும், காலியான பின்பெட்டியும், மேலே ஏறிப்போன எடையும் வண்டியை அசைத்துக் கொடுத்தது உண்மைதான். நிற்கவிடாமல் செய்தது இந்த வெட்டு இல்லாததும் பதம் போன ரப்பரும்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘சைப்’ என்பார்கள். 1923-இல் இதற்குக் காப்புரிமை வாங்கிய ஜான் சைப் என்பவரின் பெயர் அது. ஆக, அவர்களிடமும் பொருளுள்ள சொல் கிடையாது, ஆள் பெயர்தான். கடையில் யாரும் ‘சைப் இருக்கிறதா’ என்று கேட்கப் போவதும் இல்லை. என் அளவுகோலின்படி இது நாம் சொல் உண்டாக்க வேண்டிய இடம்.

> ‘கீறல்’ போதும். கீறு என்பதே வேர்.

வேர் சரி ஐயா. பச்சை மிளகாயைக் கீறிப் போடு என்கிறோம், கத்தரிக்காயை நாலாகக் கீறி எண்ணெயில் போடுகிறோம். வெட்டுப்படும், ஆனால் துண்டாகாது. இந்த டயர் வெட்டும் அதேதான். ஆனால் கீறல் என்றதும் கதவில் எவனோ சாவியால் கிழித்த கோடுதான் கண்ணில் வருகிறது. ‘கீறல் நிறைந்த டயர் வாங்குங்கள்’ என்று அச்சடித்தால் ஒருவரும் வாங்கமாட்டார். அதனால் ‘கீற்று’. விபூதிக் கீற்று, மின்னல் கீற்று, ஒளிக்கீற்று என எல்லாவற்றிலும் மெல்லிய கோடு என்ற பொருள் நிற்கிறது, சேதம் என்ற பொருள் இல்லை. தென்னங்கீற்று குறுக்கே வருமே என்று நீங்கள் கேட்பீர்கள். வரட்டும். டயரைப் பற்றிப் பேசும்போது யாரும் கொட்டகையை நினைக்கமாட்டார்கள். தொடராகவும் ஓடுகிறது: கீற்றிட்ட டயர், கீற்றில்லாத டயர், கீற்று தேய்ந்த டயர்.

அடுத்தது மலைச் சின்னம். மூன்று முகடுள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999-இல் கொண்டுவந்தார்கள். இறுக்கமான பனியில், ஒப்பீட்டுக்கு வைத்த டயரைவிடக் குறைந்தது பத்து விழுக்காடு கூடுதலாகப் பிடித்தால்தான் இதைப் பொறிக்கலாம். ‘மும்முகட்டுக் குறி’ என்கிறேன். படத்தையும் தாளில் போட்டுவிட்டால் சொல் எதுவானாலும் பரவாயில்லை. ஒரு வரி மட்டும் கட்டாயம் சேருங்கள்: அந்தச் சோதனை பனியில் நடப்பது, வழுக்கும் பனிக்கட்டியில் அல்ல. மும்முகட்டுக் குறியுள்ள ஆல்-டெரெய்ன் டயர்கள் நிறைய வருகின்றன, பிக்கப்காரர்களுக்கு அவைதான் பிடிக்கும். மலைப்பாதைக்கு அவை சரி. சினூக் அடித்த மாலைக்குக் கீற்று நெருக்கமான அசல் குளிர்கால டயர்தான்.

ரப்பரில் சிறு ஆணிகள் பதித்த ‘ஸ்டடெட்’டுக்கு ஆணி டயர். விவாதமே வேண்டாம். தெற்கு ஒன்டாரியோவில் அதற்கு அனுமதியில்லை, வடக்கில்தான் உண்டு. அக்கா, அதைத் தாளில் தெளிவாகச் சொல்லுங்கள். ‘ஸ்டட்லெஸ்’ஸைத் தமிழாக்கவே வேண்டியதில்லை. ஆணி டயர் சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசி தாங்காமல் 1990-இல் சட்டம் போட்டு ஒதுக்கிய ஜப்பானில் ‘ஆணி இல்லாதது’ என்பதற்கு அர்த்தம் உண்டு. நமக்கு அது வெறும் குளிர்கால டயர்.

> லிஃப்ட் பண்ணின பிக்கப்புக்கு எவ்வளவு அகலம் எண்டு எழுத வேணும். அகலமெண்டா நல்லம்தானே?

இல்லை அக்கா, இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஐஸ்லாந்தில் 38, 44 அங்குல டயர் போட்டு, காற்றை ஐந்தாறு பிஎஸ்ஐக்கும் கீழே இறக்கிப் பனிப்பாளத்தின் மேல் மிதக்கவிட்டு ஓட்டுகிறார்கள். அது யாரும் மிதிக்காத ஆழப்பனி. நகரச் சாலையில் ஒரு சாண் சகதியைக் கிழித்துக்கொண்டு கீழேயுள்ள தாரைத் தொட வேண்டும், அதற்கு ஒடுக்கமான டயர்தான் நல்லது. மச்சானுக்குக் கடைசியில் 275/70 ஆர் 18 என்ற அளவு எடுத்தோம். உயரம் 33 அங்குலம், அகலம் பதினொன்றுக்கும் சற்றுக் குறைவு. தூக்கிய வண்டிக்கு அடியில் அது கொஞ்சம் ஒல்லியாகத்தான் தெரிகிறது. கால்சட்டை குட்டையாகப் போட்ட பையன் மாதிரி. அவனுக்கு அதில் மனவருத்தம். ஆனால் சக்கரக் குழிக்குள் பனி அடைத்துத் திருப்பத்தில் உரசுவது நின்றுவிட்டது. லாரி வகை டயர் என்பதால் வண்டியோடு வந்த சாதாரண டயரைவிடக் காற்றும் கூடுதலாக வேண்டும், குளிரில் ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ குறையும். மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, ‘லிஃப்டெட்’. ‘தூக்கு’ என்றால் தூக்குமேடை வருகிறது, இல்லையென்றால் தூக்குவாளி. என் யோசனை ‘எக்கு வண்டி’. மேல்தட்டு டப்பாவை எடுக்கக் கால்விரலில் எக்கி நிற்கிறோமே, அந்த வண்டி அப்படித்தான் நிற்கிறது.

அன்புடன்,
கால்கரியிலிருந்து

*

அன்பர்க்கு,

கீறலைத் திரும்பப் பெறுகிறேன். கீற்று நிற்கட்டும். கூதிரைப் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி, என் மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள். ‘எக்கு வண்டி’யை மட்டும் ஏற்க இயலாது. எக்குதல் தன்வினை. அந்த வண்டி தானாக எக்கவில்லை, தங்கள் மைத்துனர் காசு கொடுத்து எக்க வைத்தார். ‘உயர்த்திய பிக்கப்’ போதும்.

*

எல்லாருக்கும் வணக்கம்,

திருத்திப்போட்டன். அந்தப் பந்தி இப்ப இப்பிடி வருது: ‘உங்கள் உயர்த்திய பிக்கப்புக்கு ஆல்-சீசன் டயரோ சேற்று டயரோ போதாது. குளிரிலும் பதம் மாறாத ரப்பரும் நெருக்கமான கீற்றும் மும்முகட்டுக் குறியும் உள்ள குளிர்கால டயரை, முடிந்தவரை ஒடுக்கமான அளவில் வாங்குங்கள்.’ டயருக்கு ‘ட’வே இருக்கட்டும், ‘ர’ எண்டு எழுதினா கால்கரித் தம்பி சண்டைக்கு வருவார். நாளைக்கு அச்சுக்குக் குடுக்கிறன். மச்சான்ர வண்டியை, அந்தக் குட்டைக் கால்சட்டையோட, ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. பேர் போடாமல் இரண்டாம் பக்கத்தில போடலாம்.