மாஞ்சியம் தோப்பில் அடிமண் அமிலம் குறையவே மாட்டேன் என்கிறது

ஏழு வயது மாஞ்சியம் (அகேசியா வகை மரம்) தோப்பு, மழை அதிகமுள்ள சரிவு, செம்மண். நட்டபோது 5.4 இருந்த பி.எச். (குறையக் குறைய அமிலம் அதிகம்) இப்போது 4.3. வேர் நுனிகள் தடித்துக் கட்டையாகிவிட்டன, அமில மண்ணில் வேரைக் கெடுக்கும் கரையும் அலுமினியமும் கூடியிருக்கிறது. மாஞ்சியம் தானே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் மரம். அது தெரியாமல் மூன்று வருடம் அம்மோனியம் சல்பேட் வேறு போட்டேன். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும்போதே அமிலம் வெளிவரும், அந்த நைட்ரேட் மழையில் இறங்கும்போது கால்சியம், மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

உரத்தை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அப்புறம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி) தூவினேன். மேல் 10 செ.மீ. மண் 5.1 வரை ஏறியது, 30 செ.மீ. ஆழத்தில் அசைவே இல்லை. அதை ஆழத்தில் கலக்க உழுதால் வேர் அறுபடும்.

இந்த நிலையில் அடிமண்ணுக்காக, உழாமலே மழைநீரோடு கீழே இறங்கும் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) போட்டால், மிச்சமிருக்கும் மக்னீசியமும் கீழே இறங்கிவிடாமல் தடுப்பது எப்படி?