தாடிக்காரத் தொரை யார்? பொகவந்தலாவைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் குடும்பத்தைத் தேடுகிறேன்

சேரம்பாடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 62 வயது. நீலகிரி சேரம்பாடியில் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் வளர்ந்தவள். 1973ல் சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தோம். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பாவின் அம்மாவை அப்பாயி என்போம். அவருக்குப் பூனைக்கண். வெயிலில் நின்றால் எங்களுக்கெல்லாம் கறுக்கும், அவருக்குச் சிவந்து தோல் உரியும். சிலோன் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, "தொரை மக" என்றுதான் சொல்வார்களாம். அவருடைய அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர். பங்களா வேலைக்கு வரச் சொன்னார்கள், போனார். அதற்கு மேல் அந்தக் கொள்ளுப்பாட்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

தகப்பனைப் பற்றி அப்பாயி சொன்னது கொஞ்சம்தான். மார்பு வரை தாடி. தோட்டம் முழுக்க அவருக்கே சொந்தம். "எனக்கு ஆறு வயசு இருக்கும். சண்டைக்குப் போனாரு. குசினி வாசல்ல நின்னு என் தலையைத் தொட்டுட்டுப் போனாரு. அங்கேயே செத்துட்டாரு." இதை எப்போது கேட்டாலும் ஒரு சொல் மாறாமல் சொல்வார். 1983ல் இறந்துபோனார். அப்போது வயது 75 என்று அப்பா கணக்குச் சொன்னார்.

எனக்கு யாரிடமும் பணமோ நிலமோ கேட்கும் எண்ணம் இல்லை. அப்பாயி ஆயுள் முழுக்கச் சொன்ன அந்த மனிதருக்கு ஒரு பெயர் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ஹட்டன் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். முதலில் ஒரு விஷயம். தோட்டத்தில் இருந்தவர் வேறு, காணிக்குச் சொந்தக்காரர் வேறாக இருக்கலாம். லயத்து ஆட்களுக்கு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் குதிரையில் வந்து நிற்பவர்தான் எல்லாம். அதனால் "தோட்டம் அவருக்குச் சொந்தம்" என்று நம் ஆட்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜேம்ஸ் டெய்லரைப் பாருங்கள். 1852ல் ஸ்கொட்லாந்திலிருந்து பதினாறு வயதில் வந்தவர். 1867ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். ஆட்கள் "சாமி தொரை" என்றார்கள். ஆனால் தோட்டம் அவருடையது இல்லை. சம்பளத்துக்கு இருந்த துரை. 1892ல் வேலையை விட்டு விலகச் சொன்னார்கள், அந்த ஆண்டே இறந்தார். தோட்டத்து ஆட்கள்தான் கண்டி மஹய்யாவைச் சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) வரைக்கும் சுமந்து போனார்கள்.

இதற்கு நேர்மாறான ஆள் உங்கள் பொகவந்தலாவையிலேயே கிடக்கிறார். சென்ட் மேரிஸ் கோயில் வளவில் சார்ல்ஸ் ஹே கேமரனும் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கேமரனும் அடக்கம். கோல்புரூக் என்ற பிரிட்டிஷ் ஆணையாளரோடு வந்து இலங்கை நிர்வாகத்தையும் நீதிமன்றங்களையும் மாற்றி எழுதிய அதே கேமரன்தான். மனைவி பேர்போன புகைப்படக்காரி. காப்பிக் காணிகளை வாங்கிவிட்டு, 1848 முதல் 1875 வரை இங்கிலாந்தில் இருந்தார்கள். தோட்டத்தைப் பிள்ளைகள் பார்த்தார்கள். வயதான காலத்தில் இங்கே வந்து, அந்த அம்மா 1879லும் அவர் 1880லும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் தோட்டங்களில் இருந்த ஒரு லயத்துப் பிள்ளையிடம் "சொந்தக்காரர் யார்" என்று கேட்டால், அங்கே இருந்த மகனைத்தான் காட்டியிருக்கும்.

இனி தாடி. அப்பாயி 1908 அளவில் பிறந்தவர் என்றால் ஆறு வயது 1914. அது பெரிய சண்டை, முதல் உலகப் போர். சிலோன் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை என்று 1900ல் தொடங்கிய ஒரு படை இருந்தது, முழுக்க வெள்ளைக்காரத் துரைமார். அதிலிருந்து ஒரு கூட்டம் 1914 ஒக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறி, பிறகு துருக்கியின் கலிப்போலி வரை போனது. ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பட்டாளத்தில் தாடி வைக்க விடமாட்டார்கள். மீசைதான், அதுவும் 1916 வரை கட்டாயம். பட்டாளத்துக்குப் போகிற வயதுக்காரருக்கு மார்பு வரை தாடி என்பது எனக்கு ஒட்டவில்லை. அப்பாயி பொய் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் ஞாபகத்தில் இரண்டு ஆட்கள் ஒன்றாகியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடியுங்கள். நாங்கள் சொல்லும் தமிழ்ப் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் வேறு. உங்கள் அப்பாவின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால், கண்டி உதவித் தூதரகம் கொடுத்தது, அதில் தோட்டத்து விலாசம் இருக்கும். பெயர் கிடைத்ததும் பெர்குசன் டைரக்டரியை எடுங்கள். சிலோன் ஒப்சேவர் பத்திரிகை நடத்திய பெர்குசன் குடும்பத்தார் போட்டது. மாவட்டம் மாவட்டமாக ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஏக்கர், உடைமையாளர், அங்கே இருந்த துரை, எல்லாம் தனித்தனிப் பத்தியாக இருக்கும். பல ஆண்டுகளுடையது இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. ஒரு ஆண்டோடு நிற்க வேண்டாம். 1914க்கு முன்னும் பின்னும் பார்த்து, எந்தப் பெயர் மறைகிறது என்று கவனியுங்கள்.

சேரம்பாடிக்காரி எழுதியது:

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தம்பி வீட்டுப் பரணில் அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது. கரையான் ஓரத்தை அரித்திருக்கிறது, விலாசம் தப்பித்தது. அப்பாயி சொன்ன தமிழ்ப் பெயருக்கும் அதற்கும் ஒரு எழுத்துக்கூட ஒட்டவில்லை. இத்தனை வருஷம் தவறான பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறேன்.

பேத்தி கணினியில் டைரக்டரியைத் திறந்து கொடுத்தாள். மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். போருக்கு முந்தைய பதிப்பில் உடைமையாளர் என்று ஒரு பெயர், துரை என்ற இடத்தில் இன்னொரு பெயர். இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றே, முதலெழுத்து மட்டும் வேறு. போர்க்காலப் பதிப்பில் உடைமையாளர் அப்படியே இருக்கிறார், துரை மாறிவிட்டார். அதே உடைமையாளர் பெயர் 1880களின் பதிப்பிலும் இருக்கிறது. அப்போது அந்தத் தோட்டத்தில் காப்பியும் சின்கோனாவும் (கொய்னா மருந்துக்கான மரம்).

பெயரை இங்கே எழுத மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் இப்போது இருப்பவர்கள் யாரோ, அவர்களுக்கு இது தெரியுமோ.

அப்பாவும் மகனும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சொந்தக்காரர் ஒருவர், சண்டைக்குப் போனவர் இன்னொருவர். அப்பாயியின் தகப்பன் இதில் யார்? அவர் பிறந்த பதிவில் எழுதியிருக்குமா?

ஹட்டன் வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, அதில் எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிறப்பு இறப்பைப் பதிவுக்காரருக்கு எழுதி அனுப்பியவரே துரைதான். தகப்பன் பெயரை அவர் கையாலேயே எழுத வேண்டும். என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் 1880களிலேயே அந்தப் பெயர் இருப்பது பெரிய சங்கதி. 1869ல் காப்பி இலையில் துருநோய் கண்டது. பதினைந்து வருஷத்துக்குள் காப்பி முடிந்தது. 1884ல் ஓரியண்டல் பேங்க் விழுந்தபோது கடனில் இருந்த தோட்டக்காரர்கள் கூடவே விழுந்தார்கள். காணி கைமாறி, பின்னால் பலதும் லண்டன் கம்பெனிகளிடம் போனது. அதையெல்லாம் தாண்டி ஒரே குடும்பம் 1914 வரை வைத்திருந்தது என்றால், அவர்கள் மெய்யாகவே காணிக்காரர்கள். அப்பாயி சொன்ன "சொந்தம்" சரிதான். நுவரெலியாக் காணிப் பதிவகத்தில் உறுதிகள் (நிலப் பத்திரங்கள்) இருக்கும். அரசாங்கத்திடம் முதலில் வாங்கியது யார், இவர்கள் கைக்கு எப்போது வந்தது, யாருக்கு எழுதி வைத்தார்கள் என்று அதில் பார்க்கலாம். காணி உறுதியில் வாரிசு பெயர் வரும், உறவுமுறையும் வரும்.

ஜே. பி. லூயிஸ் 1913ல் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலையும் பாருங்கள். டிக்கோயா வார்லி கோயில் வளவையும் விட வேண்டாம், 1878ல் கட்டியது.

கியூ வாசகன் எழுதியது:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது லண்டனில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் இங்கே கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசியச் சுவடிக்கூடத்துக்குப் போகும் பழக்கம் உண்டு. பலர் இந்தியா அலுவலகப் பதிவுகளில் தேடி ஏமாறுகிறார்கள். 1802லிருந்து இலங்கை தனி முடியாட்சிக் குடியேற்றம். ஆகவே கடிதப் போக்குவரத்து குடியேற்ற அலுவலகக் கோப்பில், சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது. ஆனால் ஒரு தனி ஆளைத் தேட அது கடல். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது.

போருக்குப் போனவர் என்றால் பதக்க அட்டை இருக்கும், அது போர் அலுவலகக் கோப்பில் டபிள்யூ.ஓ. 372 வரிசை. துப்பாக்கிப் படையில் போன துரைமாரில் பலர் பிறகு அதிகாரிகளாகி வேறு ரெஜிமெண்டுகளுக்குப் போனார்கள், அவர்கள் கோப்புகளில் ஒரு பகுதி டபிள்யூ.ஓ. 339ல். கப்பல் பயணிகள் பட்டியலும் பாருங்கள்: பிரிட்டனுக்கு வந்தவர்கள் பி.டி. 26, போனவர்கள் பி.டி. 27. வயதும் தொழிலும் எழுதியிருக்கும். "பிளாண்டர்" என்று இருந்தால் அவர்தான் என்று ஓரளவு நம்பலாம்.

எல்லாவற்றையும் விட உயில் பட்டியல். இங்கிலாந்துக்கு 1858லிருந்து ஆண்டுவாரியாக இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்குத் தனி. இறந்த தேதி, ஊர், சொத்தை நிர்வகித்தவர் பெயர் எல்லாம் ஒரு பந்தியில் வரும். முழு உயிலை வரவழைத்தால் கடைசி வரி வரை வாசியுங்கள். வேலைக்காரருக்கு, ஆயாவுக்கு என்று சின்னத் தொகை எழுதியிருந்தால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். குடும்பப் பெயரை மட்டும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வரும் சனிக்கிழமை பார்க்கிறேன்.

சேரம்பாடிக்காரி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கியூ தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவருக்கு என் ஆசீர்வாதம்.

மகனின் பதக்க அட்டை கிடைத்தது. எகிப்துக்குப் போனவர், பிறகு அதிகாரி ஆனவர். போரில் இறந்தவர் பட்டியலில் அவர் இல்லை. உயில் பட்டியலில் இருக்கிறார். ஸ்கொட்லாந்தில் 1931ல் இறந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். 1931ல் அப்பாயிக்கு 23 வயது. கல்யாணம் ஆகி அப்பா கைக்குழந்தை. அங்கேயே செத்துட்டாரு என்று யாரோ ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர் எழுபது வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்து ஒரு இலை போடுவார். அப்பா முறைப்பார். அப்பாயி காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்.

அந்த மகனின் தகப்பனாரான காணிக்காரர் 1916ல் தோட்டத்திலேயே இறந்திருக்கிறார். உயிலில் ஆயா, வேலைக்காரி என்று ஒரு சொல்லும் இல்லை. தோட்டம் மகளுக்குப் போய், பிறகு ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டிருக்கிறது.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று பேத்தி கேட்கிறாள். அந்தக் குடும்பத்தில் மகளின் வழியில் பேரப்பிள்ளைகள் ஸ்கொட்லாந்தில் இருக்கிறார்கள் போலிருக்கிறது.

கியூ வாசகன் எழுதியது:

செய்யலாம், அக்கா. கொள்ளுத்தாத்தாவிடமிருந்து சராசரியாக எட்டில் ஒரு பங்கு உங்களுக்கு வந்திருக்கும். உறவை அது காட்டும். ஆனால் தகப்பனா மகனா என்று அதை வைத்து மட்டும் பிரிப்பது கடினம். இரண்டு பேருக்கும் ஒரே இரத்தம். பொருத்தத்தின் அளவு ஒரு பக்கம் சாயலாம், முடிவாகச் சொல்லாது.

ஹட்டன் வாத்தியார் எழுதியது:

கடிதம் எழுதுவதானால் முதல் கடிதத்திலேயே "நான் உங்கள் உறவு" என்று எழுத வேண்டாம், தங்கச்சி. அவர்கள் பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள். என் குடும்பம் உங்கள் பாட்டனார் தோட்டத்தில் மூன்று தலைமுறை வேலை செய்தது, பழைய படங்கள் இருந்தால் ஒரு பிரதி வேண்டும் என்று கேளுங்கள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

சேரம்பாடிக்காரி எழுதியது:

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன், ஐயா. பதில் வந்தது. ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். பங்களாவுக்கு முன்னால் அப்பாவும் மகனுமாக நிற்கும் படம் ஒன்று இருக்கிறதாம், அக்கா வீட்டுப் பெட்டியில். தேடி எடுத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

படம் வந்தால் இங்கே போட மாட்டேன், அது அவர்கள் வீட்டுப் படம். யாருக்குத் தாடி இருந்தது என்பதை மட்டும் வந்து சொல்கிறேன்.