பகல் முழுவதும் வீட்டில் ஆள் இல்லை: இரண்டு மாதம்கூட நிறையாத நாய்க்குட்டியை எப்படி விட்டுச் செல்வது?

கேட்பவர்: பழையபேட்டை வாசி, கிருஷ்ணகிரி

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் வாடகைக்குக் குடியிருக்கிறோம். அவர் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிவதால் காலை ஆறரை மணிக்கே நிறுவனப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். நான் எட்டரை மணிக்கு வீட்டைப் பூட்டினால் திரும்பி வருவதற்கு மாலை ஐந்தே முக்கால் ஆகிவிடும். காவேரிப்பட்டணத்துக்கு அருகே என் தாய்மாமாவின் மாந்தோப்பில் காவலுக்கு இருக்கும் நாட்டு நாய் ஐந்து குட்டிகள் ஈன்றிருந்தது. அவற்றுள் செவலை நிறப் பெண்குட்டி ஒன்றைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை எடுத்து வந்தோம். இன்று அதற்கு ஐம்பத்தைந்து நாள்.

திங்கட்கிழமை குளியலறையை ஒட்டிய நடைவழியில் செய்தித்தாள் விரித்து, ஒரு கிண்ணத்தில் பாலும் இன்னொன்றில் களியும் வைத்துவிட்டுப் போனேன். மாலையில் வந்து பார்த்தால் பால் திரிந்து கிடந்தது, களியை எறும்பு மொய்த்திருந்தது, விரித்திருந்த சாக்கு முழுவதும் நனைந்திருந்தது. கதவின் கீழ் விளிம்பை ஒரு விரல் நீளத்துக்குக் கடித்திருந்த குட்டியின் மூக்கின் மேல் மரத்தூள் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் குரைக்க முயன்றதே தவிரத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. மாடியில் இருக்கும் வீட்டு உரிமையாளரின் தாயார், "பச்சைப் பிள்ளை மாதிரி நாளெல்லாம் கத்திச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. மூன்று நாள்கள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அடுத்த திங்கள் முதல் வேலைக்குப் போயாக வேண்டும்.

ஒன்பது மணி நேரத்தை இக்குட்டியால் தாங்க முடியுமா? முன்வாசல் திண்ணையில் சங்கிலியில் கட்டிவிட்டுப் போவது நல்லது என்று சிலரும், துணைக்கு இன்னொரு குட்டியைக் கொண்டுவரச் சொல்லிச் சிலரும் கூறுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

சகோதரி, ஒன்பது மணி நேரம் முடியாது. நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்று உண்டு: குட்டியின் வயதை மாதத்தில் எடுத்துக்கொண்டு அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது சிறுநீரை அடக்கிக்கொள்ளக்கூடிய மணி நேரத்தின் மேல்வரம்பு கிடைக்கும். உங்கள் குட்டிக்கு அது ஏறக்குறைய மூன்று. விழித்து விளையாடும் நேரத்தில் அதுவும் இல்லை. மேலும் இந்த வயதில் நாளொன்றுக்கு நான்கு வேளை சிறிது சிறிதாக உணவு தர வேண்டும் என்பதால், கழிவுக்காக இல்லாவிட்டாலும் சோற்றுக்காகவாவது நண்பகலில் ஓர் ஆள் வந்தே தீர வேண்டும். ஆகவே எங்கே கட்டுவது, எந்த அறையில் பூட்டுவது என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொண்டு, பகலில் வந்து போகக்கூடியவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

நானும் என் மனைவியும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், எதிர்வீட்டில் திண்ணையில் அமர்ந்து பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம். பதினொரு மணிக்கு ஒரு முறையும் இரண்டு மணிக்கு ஒரு முறையும் அவர் வந்து, குட்டியை வெளியே விட்டு, ஒரு பிடி உணவு வைத்து, கால்மணி நேரம் உடன் இருந்துவிட்டுப் போவார். மாதம் ஒரு தொகையும் தீபாவளிக்கு ஒரு புடவையும் கொடுத்தோம். ஆறு மாதம் ஆனதும் ஒரு முறை வந்தாலே போதும் என்ற நிலை வந்துவிட்டது. உங்கள் மாடியில் இருக்கும் பெரியவர் குட்டி கத்துவதைத்தான் சொன்னாரே ஒழியக் குட்டியைக் குறை சொல்லவில்லை என்று எனக்குப் படுகிறது. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, தனிமையைப் பழக்குவது. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும். எனவே, தனியாக இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறக்கத்திலேயே கழியும்படி செய்துவிட்டால் பாதிக் கவலை தீரும். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே உணவு கொடுங்கள். உண்ட பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது இடம் தேடிச் சுற்றத் தொடங்கும், அப்போது வெளியே விட்டு வேலையை முடிக்கச் செய்து, சிறிது நேரம் ஓடவிட்டு, களைத்த பிறகு படுக்கையில் விடுங்கள். இந்த விடுப்பு நாள்களில் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டி வாசலில் இரண்டு நிமிடம் நின்று திரும்புங்கள். அடுத்து ஐந்து, பிறகு பத்து, இருபது என நீட்டுங்கள். குட்டி அழத் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதே இதில் முக்கியம். புறப்படும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறுவதையும் திரும்பியதும் ஓடிப்போய்த் தூக்குவதையும் விட்டுவிடுங்கள். என் மனைவிக்கு இது கடைசி வரை வரவில்லை. அவர் கிளம்பும் நாளில்தான் எங்கள் நாய் அதிகம் குரைக்கும்.

இரண்டாவது குட்டி வேண்டாம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை ஒன்றாக வளர்த்தால் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மனிதர் சொல்வதைக் காதில் வாங்காமல் வளரும் வாய்ப்பு அதிகம். நனைந்த சாக்கும் இரண்டாகும்.

மறுமொழி 2: தோட்டக்காரர், ஊத்தங்கரை

மேலே உள்ள ஆலோசனைகள் நல்லவை என்றாலும், அடிப்படையில் நடந்த தவற்றை யாரும் சொல்லவில்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்பது ஐம்பத்தாறு நாள். உங்கள் மாமா விற்கவில்லை, அன்பாகத்தான் கொடுத்தார் என்பதால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்கான காரணம் உங்கள் குட்டிக்கும் பொருந்தும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்கும் காலம் அது. காவேரிப்பட்டணம் உங்களுக்கு அரை மணி நேரப் பயணம்தான். மூன்று மாதம் நிறையும் வரை குட்டியைத் தாயிடமே விட்டு, ஞாயிறுதோறும் போய்ப் பழகிவிட்டு வாருங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் நாய் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஏற்ற வயது இது அன்று.

மறுமொழி 3: கால்நடைத் துறையில் பணிபுரிபவர், தருமபுரி

ஊத்தங்கரை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தாயை விட்டு ஒரு வாரம் ஆன குட்டியை, தடுப்பூசி போடாமல், பல நாய்கள் வந்து போகும் தோப்புக்குத் திருப்பி அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் பார்வோ. இந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குமாகத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். பினாயில் ஊற்றிக் கழுவினோம் என்று நிம்மதியாக இருப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். பினாயிலை நம்பிப் பயனில்லை, பிளீச்சிங் கரைசல்தான் இதற்குப் பயன்படும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ உட்படப் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டு, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதம் நிறைந்ததும் போட வேண்டியது. உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6ஆம் தேதி நடக்கும் இலவச முகாமில் போட்டுக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். முதல் ஊசிக்குக் கூட்டிச் செல்லும்போதே குடற்புழு நீக்க மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

திண்ணையில் சங்கிலியில் கட்டும் யோசனையைக் கைவிடுங்கள். தெருநாய் வரும், சங்கிலி காலில் சுற்றும், நிழல் நகர்ந்துவிடும். அளவுக்கு மீறிய நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வதையாகவும் கருதப்படும். குளியலறை நடைவழியும் சரியான இடமன்று; தரை ஈரமாக இருக்கும், அமிலப் புட்டிகள் கைக்கெட்டும் உயரத்தில், அதாவது வாய்க்கெட்டும் உயரத்தில் இருக்கும். கூடத்தின் ஒரு மூலையை இடுப்பளவுக் கம்பி வலையால் அடைத்து, ஓரத்தில் படுக்கையும் எதிர் ஓரத்தில் செய்தித்தாளும் வையுங்கள். உறங்கும் இடத்தை நனைக்கக் குட்டிகளுக்கே விருப்பம் இருக்காது. இடம் கொடுத்தால் தள்ளிப் போய்த்தான் கழிக்கும். நனைந்த தாளில் ஒரு துண்டைப் புதிய தாளின் மேல் வைத்தால் வாசனை பிடித்து அங்கேயே வரும். மின்கம்பிகள் எவையும் அந்த மூலையில் தொங்கக் கூடாது.

வெயிலையும் யோசியுங்கள். மாசி முடியப்போகிறது. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்கும் கல்நார்க் கூரைக்கும் கீழே நண்பகலில் இருக்க முடியாது. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்று ஓடாத பூட்டிய அறையில் அது பலிக்காது. தளம் போட்ட வீடு என்றால் மேற்குச் சன்னலைத் திரையிட்டு, கிழக்கே ஒன்றைத் திறந்து வையுங்கள். தண்ணீரை அகலமான மண்சட்டியில் வைத்தால் கவிழாது, குளிர்ச்சியும் நிற்கும்.

உணவில் ஒரு திருத்தம். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கு வரும், பிறகு அது பார்வோவா பாலா என்று நாம் குழம்ப வேண்டியிருக்கும். கேழ்வரகுக் களி நம் பக்கத்து நாய்கள் தலைமுறை தலைமுறையாக உண்பதுதான், ஆனால் வளரும் குட்டிக்கு அது மட்டும் போதாது. அவித்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, இல்லாவிட்டால் குட்டிகளுக்கான தீவனம் சேர வேண்டும். எறும்புக்கு நம் பாட்டிமார் செய்த வழியே போதும்: தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கிண்ணத்தை வையுங்கள். தயிர்ச்சோற்றை நடுவில் துளையுள்ள கெட்டியான ரப்பர் பொம்மைக்குள் அடைத்து, குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்துப் புறப்படும்போது கொடுத்தால், நீங்கள் போவதைக் குட்டி கவனிக்காமல் அரை மணி நேரம் நக்கிக்கொண்டிருக்கும்.

கிருஷ்ணகிரிக்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாம்பழக் காலத்தில் குப்பைக்கூடையைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். சப்பி எறிந்த மாங்கொட்டையை நாய் விழுங்கி, அது குடலில் அடைத்து, அறுவை செய்து எடுக்க வேண்டிய நிலைக்கு வருபவை ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

மறுமொழி 4: பழையபேட்டை வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. முதல் தடுப்பூசி அன்றே போட்டாயிற்று, இரண்டாவதும் நேற்று முடிந்தது. மாடியில் இருக்கும் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, தம் ஊரான பென்னாகரத்தில் ஏழு நாய் வளர்த்த கதையைச் சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். பணம் வாங்க மறுக்கிறார். அதற்குப் பதில் அவருடைய மருந்துகளை நான் வாங்கி வந்து தருகிறேன். என் கணவர் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கியிருப்பதால் பன்னிரண்டரை வரை அவர் வீட்டில் இருக்கிறார். மூன்று மணிக்கு அம்மா கீழே இறங்கி வருகிறார். ஆகவே குட்டி தனியாக இருக்கும் நேரம் எந்த வேளையிலும் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. நானும் கணவரும் ஒருவரையொருவர் இரவு பதினொன்றரைக்குத்தான் பார்த்துக்கொள்கிறோம் என்பது வேறு விஷயம்.

ஊத்தங்கரை ஐயா சொன்னது உண்மைதான். கடியின் அளவு அதற்கு இன்னும் தெரியவில்லை, என் புடவை முந்தானைகள் மூன்று கிழிந்துவிட்டன. அழுகை பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் நான் கைப்பையை எடுத்தாலே போதும், பொம்மையை விட்டுவிட்டு வலையருகே வந்து நின்றுகொள்கிறது. சாவிக்கு அசைவதில்லை, கைப்பைக்குத்தான். இதை எப்படி மாற்றுவது?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

சாவியைப் பழக்கியபடியே கைப்பையையும் பழக்குங்கள், சகோதரி. விடுமுறை நாளில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்குங்கள், துணி மடியுங்கள், கூடத்தில் அமர்ந்து தேநீர் குடியுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நான்கைந்து நாளில் குட்டிக்கு அந்தப் பை அலுத்துவிடும். நறுக்கும்போது வெங்காயத் துண்டு கீழே விழுந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், அது நாய்க்கு ஆகாது.