மறு: கலைச்சொல் – நிரலகம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடும் நிரல்

வணக்கம்.

பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புதான் பகிர்வு நிரலகம். அது நினைவகத்தில் ஏறும்போது ஓடும் நிரலுக்கும் இறங்கும்போது ஓடும் நிரலுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த இணைகள்: தொடக்க நிரல்–முடிவு நிரல், ஆக்கி–அழிப்பி, துவக்கி–துப்புரவி, தோற்றம்–ஒடுக்கம். எதிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த நிரல் எப்போது ஓடுகிறது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

> மெயின் என்ற, செயலியின் முதன்மைச் செயற்கூறுக்கு (கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு) முன்னால் ஓடுவது ஒன்று, பின்னால் ஓடுவது ஒன்று. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. லினக்ஸில் ஒரு செயலியைத் தொடங்கினால், "ஏற்றி" என்ற கருவி அதற்குத் தேவையான பகிர்வு நிரலகங்களை நினைவகத்தில் ஏற்றி, முகவரிகளைச் சரிசெய்கிறது. பிறகு ஒவ்வொரு நிரலகத்தின் இனிட் பகுதியையும் (ஏறியதும் ஓட வேண்டிய நிரல்), இனிட்-அரே அட்டவணையில் உள்ள செயற்கூறுகளையும் கூப்பிடுகிறது. மெயினின் முறை அதற்கு அப்புறம்தான். இதுவரை நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் செயலி நடுவில் டிஎல்ஓபன் என்ற செயற்கூறு மூலம் ஒரு செருகுநிரலை ஏற்றினால்? அந்தச் செருகுநிரலின் இனிட் அப்போதே ஓடும். மெயின் தொடங்கி ஒரு நாள்கூட ஆகியிருக்கலாம். அதேபோல் இறக்கச் சொல்லும் டிஎல்குளோஸ் கடைசிப் பிடியை விட்டதும் ஃபினி (இறங்கும்போது ஓட வேண்டிய நிரல்) ஓடலாம், செயலி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆக, இங்கே தொடக்கமும் முடிவும் நிரலகத்துடையவை, செயலியுடையவை அல்ல. "தொடக்க நிரல்" என்று எழுதினால் படிப்பவர் சிஆர்டி1 கோப்பில் உள்ள ஸ்டார்ட்டைத்தான் (செயலி ஓடத் தொடங்கும் இடம்) நினைப்பார். அது செயலியோடு மட்டும் இணைவது. பகிர்வு நிரலகத்தோடு ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி இணைப்பவை சிஆர்டி-பிகின்-எஸ், சிஆர்டி-எண்ட்-எஸ் போன்ற வேறு துண்டுக் கோப்புகள். "தொடக்க நிரல்" என்ற பெயரை ஸ்டார்ட்டுக்கே விட்டுவிடலாம்.

ஆக்கி–அழிப்பி ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியும்: ஜிசிசியே கன்ஸ்ட்ரக்டர், டிஸ்ட்ரக்டர் என்று பண்புக்குறி வைத்திருக்கிறது. ஆனால் சி++ நிரலகத்தில் இந்த நிரலின் முக்கிய வேலையே பொதுநிலைப் பொருள்களின் ஆக்கிகளை (அவற்றை உருவாக்கும் செயற்கூறுகளை) கூப்பிடுவதுதான். "ஆக்கி ஆக்கிகளைக் கூப்பிடும்" என்று ஆவணத்தில் எழுதி யாருக்கு விளங்கவைப்பது?

துவக்கு என்பதைக் கணினி பூட் ஆவதற்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. தோற்றம்–ஒடுக்கம் இணையில் சைவ சித்தாந்த வாசனை அழகாகத்தான் இருக்கிறது; ஆனால் இன்று ஒடுக்குதல் என்றால் போராட்டமும் தடியடியும்தான் நினைவுக்கு வருகின்றன.

என் முன்மொழிவு: ஆயத்த நிரல் – கலைப்பு நிரல்.

ஆயத்தம் செயலியின் தொடக்கத்தைச் சொல்லவில்லை. பயன்பாட்டுக்குத் தயாராவதை மட்டும் சொல்கிறது. நடுவில் ஏறும் செருகுநிரலுக்கும் பொருந்தும். கலைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அ என்ற நிரலகம் ஆ-வை நம்பியிருந்தால் ஆ-வின் ஆயத்தம் முதலில் நடக்கும், கலைப்பில் அ முந்தும். ஒரே நிரலகத்துக்குள்ளும் ஃபினி-அரே (ஃபினிச் செயற்கூறுகளின் அட்டவணை) கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும். பந்தலைக் கலைக்கும்போது கடைசியாகக் கட்டியதை முதலில் அவிழ்ப்போமே, அதே வரிசை. துப்புரவில் இந்த வரிசை இல்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் பெருக்கலாம். முடிவிலும் இல்லை.

> கலைப்பு என்றால் சட்டசபைதானே நினைவுக்கு வரும்?

வரட்டுமே. கட்டியதை முறைப்படி பிரிப்பது என்ற பொருள் அங்கேயும் கெடவில்லை.

இன்னொரு கேள்வி, 2024-ல் வெளிச்சத்துக்கு வந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் திருட்டுத்தனமாக வைக்கப்பட்ட பின்கதவு ஆயத்த நிரலில் ஒளிந்திருந்ததா என்பது. இல்லை. அது ஐஃபங்க் தீர்வுச் செயற்கூறு (ஒரு செயற்கூறின் எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுப்பது) வழியாக நுழைந்தது. அந்தச் செயற்கூறு, ஏற்றி முகவரிகளைச் சரிசெய்யும்போதே ஓடிவிடும், ஆயத்தத்துக்கும் முந்தியது. அதற்குத் தனிச்சொல், தனி விவாத இழை.

விண்டோஸில் டிஎல்எல்மெயின் என்ற ஒரே செயற்கூறுதான் இரண்டையும் செய்கிறது, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்பது அளவுருவில் வரும். அதை "நுழைவுச் செயற்கூறு" என்றே வைத்துக்கொள்ளலாம்.

வரையறையில் ஒரு எச்சரிக்கை அவசியம். கலைப்பு நிரல் நிச்சயம் ஓடும் என்று எழுதக் கூடாது. செயலியை அப்படியே கொல்லும் சிக்கில் சைகை வந்தால் ஓடாது. செயலியை உடனடியாக முடிக்கும், கீழ்க்கோடு போட்ட எக்சிட்டைக் கூப்பிட்டாலும் ஓடாது. மஸ்ல் என்ற சி மொழி நிரலகத்தில் டிஎல்குளோஸ் எதையும் இறக்குவதே இல்லை, செயலி முடியும்வரை கலைப்பு காத்திருக்கும். கோப்பை வட்டில் எழுதி முடிக்கும் வேலையைக் கலைப்பை நம்பி விடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அகராதிக்கு இப்படி எழுதலாமா?

ஆயத்த நிரல்: பகிர்வு நிரலகம் நினைவகத்தில் ஏறி முகவரிகள் சரியான பின், அதன் மற்றச் செயற்கூறுகளைப் பயன்படுத்தும் முன், ஏற்றி கூப்பிடும் நிரல்.

கலைப்பு நிரல்: நிரலகம் இறக்கப்படும்போதோ செயலி இயல்பாக முடியும்போதோ, ஆயத்தத்துக்கு எதிர்வரிசையில் ஓடும் நிரல்.

"மற்ற" என்ற சொல் அங்கே இடிக்கிறது. ஆயத்த நிரல் ஓடும்போதே தன் நிரலகத்தின் வேறு செயற்கூறுகளைக் கூப்பிடலாம் அல்லவா? அந்த வரியைத் திருத்தத் தோன்றினால் எழுதுங்கள்.