மறு: 'எச்சக் கடத்தல்' வேண்டாம், வேறு சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் கைப்பேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது, மூன்றாம் இயலுக்கு இன்னும் தலைப்பு இல்லை. டிடிடி, டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் தாயின் உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்து, கருவில் நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சமும், பிறந்தபின் பாலின் கொழுப்போடு அதைவிடக் கூடுதலாகவும் பிள்ளைக்குப் போகின்றன. இதற்கு ஒரு சொல்தான் கேட்டேன். 'எச்சக் கடத்தல்' என்பதில் 'எச்சம்' சரி, 'கடத்தல்'தான் எனக்கு ஒப்பவில்லை.

> 'நச்சுப்பால்' என்று வைக்கலாமே. தேமாங்காய்ச் சீர், நாவில் நிற்கும்.

ஐயா, மன்னிக்கவும், இதை ஏற்கவே மாட்டேன். படித்ததும், குழந்தைக் கண்ணனுக்கு நஞ்சுப்பால் கொடுக்க வந்த அரக்கி பூதனைதான் நினைவுக்கு வருகிறாள். ஒரு தாய் இதைப் பார்த்துப் பயந்து பால் கொடுப்பதையே நிறுத்திவிட்டால்? பாலில் டிடிடி இருப்பது 1951லேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்கிறது. தவிர, நஞ்சுக்கொடி வரும் அதே வரியில் 'நச்சு' வந்தால் மாணவிகள் குழம்புவார்கள்.

> எச்சம் என்றால் மக்கள் என்றும் பொருள். குறள் 114க்குப் பரிமேலழகர் அப்படித்தான் கொள்கிறார்.

அம்மா, இதைப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. அஞ்சு, அச்சம் போல எஞ்சு, எச்சம். பூச்சிக்கொல்லியில் எஞ்சியதும் எச்சம், நமக்குப் பின் எஞ்சும் பிள்ளையும் எச்சம். அதனால் எச்சத்தை விடமாட்டேன். ஆனால் அப்புறம் பறவை எச்சம், வினையெச்சம் என்று நீண்ட மடல்களுக்குப் பதில் எழுத இப்போது நேரமில்லை. இந்தப் பூச்சிக்கொல்லிகளை 'நிலைத்த' என்பதா 'மக்காத' என்பதா என்ற கேள்வியில் எனக்கு 'எளிதில் மக்காத' போதும், டிடிடியும் மெல்லச் சிதையத்தான் செய்கிறது.

> 'வெப்பக் கடத்தல்' பாடநூலில் ஊறிய சொல். 'தாய்வழிக் கடத்தல்' என்பதில் என்ன குறை?

கட தன்வினை, கடத்து பிறவினை. 'தாய்வழிக் கடத்தல்' என்றால் கடத்தியவர் யார்? தாய்தானே! அவள் கேட்டா இது அவள் உடம்பில் சேர்ந்தது? இரும்புக் கம்பி வெப்பத்தைக் கடத்தினால் அதன் மனம் நோகாது. பிள்ளைக் கடத்தல் என்று செய்தித்தாளில் படிக்கும் ஒரு தாய்க்கு நோகும்.

அதனால் நான் சொல்வது 'பெயர்வு'. பெயர்வு என்றால் இடம்பெயர்வு போல ஓரிடத்தில் குறைந்து இன்னோரிடத்தில் கூடுவது. இங்கே நடப்பதும் அதுவே: பால் கொடுக்கக் கொடுக்கத் தாயின் உடலில் அளவு குறைகிறது, பொதுவாக முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகிறது. 'தாய்–சேய் எச்சப் பெயர்வு'. பெயரெச்சம் போல ஒலிக்கிறது என்ற குறை சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதுவரை பெயர்வுக்கு ஐவர், 'கட' என்பதிலிருந்து வரும் 'கடப்பு' என்ற மாற்றுச் சொல்லுக்கு இருவர், கடத்தலுக்கு இன்னும் ஒருவர். பெயர்வு என்றே கொடுக்கிறேன். கடப்பும் தன்வினைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த இருவரும் நாளை நண்பகலுக்குள் எழுதினால் மாற்ற நேரம் இருக்கும்.