வெந்த தோலை சீவி எடுக்கற கத்தி பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
எங்க பெரியம்மா சோறு வடிக்கறப்ப கொதிக்கற கஞ்சி வலது கைல கொட்டிருச்சுங்க. பாலக்காட்டுல ஒரு ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். ஆழமா வெந்திருக்கு, தானா ஆறட்டும்னு விட்டா தழும்பு இழுத்து விரல் மடக்க முடியாம போயிரும், அதனால வெந்த தோலை சீவி எடுத்துட்டு தொடைத் தோலை வெக்கறோம்னு டாக்டர் மலையாளத்துல சொன்னாரு. சீவறதுன்னு கேட்டதுல இருந்து பெரியம்மா சரியா சாப்பிடறதில்லைங்க. நல்ல சதையும் சேர்ந்து போயிராதா?

பதில் 1 (தியேட்டர் நர்ஸ், பொள்ளாச்சி):
தம்பி, மொதல்ல பெரியம்மாவ சாப்பிட வைங்க, புண் ஆற புரதம் ரொம்ப வேணும், ஆபரேஷனுக்கு முந்தி மட்டும் டாக்டர் சொல்ற நேரம் வெறும் வயிறு. கைக்கு பெரும்பாலும் கூலியன் கத்திதான், வெக் கத்தின்னும் சொல்வோம். காய் சீவற பீலர் மாதிரி பிளேடு மேல ஒரு தகடு இருக்கும், இடுக்கு 0.2, 0.3 மில்லிமீட்டர்தான், அதுக்கு மேல ஆழமா எறங்க விடாம அது தடுக்கும். முதுகு, தொடை மாதிரி அகலமான எடத்துக்கு ஹம்பி, வாட்சன்னு நீளக் கத்தி. படலம் படலமா சீவிட்டே வருவாங்க, செத்த தோல்ல ரத்தம் வராது, பொட்டு பொட்டா கசிய ஆரம்பிச்சா உசுருள்ள தோல் வந்தாச்சுன்னு அர்த்தம், அங்கயே நிறுத்திருவாங்க. முன்னெல்லாம் செத்த தோல் தானா உரியட்டும்னு வாரக்கணக்கா விட்டு சீழ் பிடிக்கும். ஸ்லோவேனியால சோரா யான்செகோவிச்ங்கற லேடி டாக்டர் சீக்கிரமே சீவி ஒடனே தோல் வெச்சு, 1970ல அத எழுதினாங்க, எத்தன கைய காப்பாத்திருக்கு அந்த முறை!

பதில் 2 (கோயமுத்தூர்):
கத்தி இல்லாமயும் வழி உண்டுங்க. உப்புத்தண்ணிய ஊசி மாதிரி பீச்சி செத்தத மட்டும் அரிச்சு எடுக்கற வெர்சாஜெட், விரல் இடுக்கு, முகத்துக்கெல்லாம் வசதி, ஆனா செலவு கூட. செத்த தோலை கரைக்கற, அன்னாசித் தண்டுல இருந்து எடுக்கற என்சைம் மருந்தும் இருக்கு, நாலு மணி நேரம் பூசி வெச்சு வழிச்சு எடுப்பாங்க, ஐரோப்பால 2012லயே அனுமதி ஆச்சு. உங்க ஆஸ்பத்திரில எது இருக்குன்னு கேளுங்க, இல்லீன்னாலும் கை பழகின டாக்டருக்கு கத்தி போதும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ரத்தம் நிறைய போகுமா? ஏற்பாடு பண்ணி வெக்கணுமா?

பதில் 1:
கைன்னா மேல டூர்னிகே, அதாவது ரத்த ஓட்டத்த நிறுத்தற பட்டை, கட்டிட்டு செய்வாங்க, தளர்த்திப் பாத்தாத்தான் நான் சொன்ன பொட்டு ரத்தம் தெரியும், அட்ரினலின் நனைச்ச துணியும் வெப்பாங்க, அதனால ரத்தம் கட்டுக்குள்ள இருக்கும். வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. தொடைல எடுத்த எடம் ரெண்டு வாரத்துல ஆறிரும், மொதல்ல கையவிட அதுதான் எரியும், முன்னாடியே சொல்லி வைங்க. அப்பறம் கைய சரியான நிலைல பிடிச்சு வெக்கற ஸ்பிளின்ட், பிசியோ, ரெண்டையும் விட்டுறாதீங்க.