கல்லாவில் சில்லறை போய் க்யூஆர் வந்த பிறகு: உங்கள் கடையில் என்ன நடந்தது?

குரோம்பேட்டை மளிகை:
2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே க்யூஆர் அட்டை வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். வெகுநாள் அதில் உட்கார்ந்தது ஈ மட்டும்தான். கொரோனாவுக்கு அப்புறம்தான் நிலைமை தலைகீழானது. இப்போது ஆறு ரூபாய் கொத்தமல்லிக்குக்கூட போனை நீட்டுகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் நூறு ரூபாய் கொடுத்து 90 ரூபாய்க்குச் சில்லறை வாங்குவேன். அதுவும் தீர்ந்தால் மிட்டாய். பாக்கி இரண்டு ரூபாய்க்கு இரண்டு மிட்டாயை நீட்டினால் வாங்குகிறவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! கல்லா ஓரம் இருந்த அந்த மிட்டாய் டப்பாவில் இப்போது ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

ஏமாந்த கதையும் உண்டு. ஒரு பொங்கல் கூட்டத்தில் பையன் ஒருவன் பச்சை டிக் விழுந்த திரையைக் காட்டி, “840 அனுப்பிட்டேன் அண்ணே” என்றான். நானும் தலையாட்டினேன். ராத்திரி கணக்குப் பார்த்தால் அப்படி ஒரு தொகை வரவே இல்லை. மறுநாளே, பணம் வந்தால் தொகையைச் சத்தமாகச் சொல்லும் பேசும் பெட்டி வாங்கினேன். மாத வாடகை கடுப்புதான். ஆனால் இப்போது திரும்பி நின்று துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே காதால் பணம் வாங்குகிறேன். பெட்டி பேசாவிட்டால் பை நகராது.

பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது கடன் விஷயத்தில்தான். தண்டலுக்கு 10,000 கேட்டால் 8,500 கையில் வரும். தினம் நூறு, நூறு நாள் கட்ட வேண்டும். இப்போது தினசரி வரவைப் பார்த்து, க்யூஆர் பணம் வாங்கும் ஆப் மூலமே கடன் கிடைக்கிறது, வட்டியும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தண்டல்காரரிடம் மழை நாளில், “இன்னிக்கு வியாபாரம் இல்லண்ணே, நாளைக்கு வாங்க” என்று சொல்ல முடியும். திட்டிவிட்டுப் போவார், போய்விடுவார். ஆப் கேட்காமலே வசூலில் பிடித்துக்கொள்கிறது. போன டிசம்பர் மழையில் மூன்று நாள் அந்தப் பிடித்தத்தைப் பார்த்தபோது அவர் திட்டே தேவலை என்று தோன்றியது.

பூக்காரி மகள், மதுரை:
அண்ணே, எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. அம்மா விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் மல்லி எடுத்து, கட்டி, கோயில் பக்கம் முழம் போட்டு விற்கிறவர். பட்டன் போன்தான். அதனால் கூடையில் தொங்கும் க்யூஆர் தம்பி கணக்கோடு சேர்ந்தது.

முன்பு ராத்திரி சுருக்குப்பையைக் கொட்டி, நாளைக்குப் பூ எடுக்க இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று பாயில் தனித்தனியாக அடுக்குவார். அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. இப்போது பாதிக்கு மேல் பணம் தம்பி போனில். “இன்னிக்கு எவ்ளோ வந்துச்சுடா?” என்று தன் சம்பாத்தியத்தைத் தானே கேட்டு நிற்கிறார். அவன் திருடவில்லை. ஆனால் பெட்ரோல் போட்டிருப்பான், ரீசார்ஜ் பண்ணியிருப்பான். 2022-லேயே பட்டன் போனுக்கும் யுபிஐ வந்துவிட்டது, கணக்கு தொடங்கித் தருகிறேன் என்றால், “ரகசிய நம்பரை மறந்துட்டா யாருடி பொறுப்பு?” என்கிறார்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ரொக்கமாகக் கொடுக்கிறவர்களுக்குக் கை கொஞ்சம் தாராளமாக நீளும். முழம் அவர் கைதானே!

பெங்களூரு வாசி:
இங்கே 2025 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். யுபிஐ வரவை வைத்து கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே இருக்கிற சட்டம்தான். நோட்டுக் காலத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. காய்கறி, பால் மாதிரி வரியே இல்லாத சரக்கு விற்றவர்களும் மிரண்டுபோனார்கள்.

நான் தினமும் போகும் டீக்கடையில் க்யூஆர் இருந்த இடத்தில் ‘நோ யுபிஐ, கேஷ் மட்டும்’ என்று அட்டை. என் பர்ஸிலோ ஒரு ரூபாய் கிடையாது. கடைக்காரர், “நாளைக்குக் கொடுங்க சார்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். இத்தனை வருடத்தில் அங்கே நான் கடன் சொன்னது அன்றைக்குத்தான்.

குரோம்பேட்டை மளிகை:
பெங்களூரு நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரி என் கணக்கைப் புரட்டினேன். கடை வசூல், சீட்டுப் பணம், மச்சான் திருப்பித் தந்த கைமாற்று எல்லாம் ஒரே கணக்கில். பார்க்கிறவனுக்கு எல்லாமே வியாபாரம் மாதிரிதான் தெரியும். உடனே மச்சானைக் கூப்பிட்டு, இனிமேல் திருப்பித் தருவதானால் நோட்டாகவே கொடு என்றேன்.

“அதுக்கு ஏடிஎம் வரைக்கும் யாரு மாமா போறது?” என்கிறான்.